மலைநாட்டுக் களிமண்ணுக்கு ஆய்வுகூடப் பரிசோதனை: காசு கொடுக்கலாமா?

களிமண்ணைக் கொண்டுபோய்ப் பரிசோதிப்பதில் பிரயோசனம் இருக்கிறதா, இல்லை அதுவும் ஒரு ரசீது வியாபாரமா என்று சூளை வைத்திருக்கிற தெரிந்தவர்கள் அடிக்கடி கேட்கிறார்கள், அதனால் ஒரே இடத்தில் எழுதி வைத்துவிடுகிறேன். நான் சொல்வது கண்டிப் பக்கம் இருக்கும் ஒரு தனியார் ஆய்வுகூடத்தைப் பற்றி. கீழே கொஞ்சம் திட்டியும் எழுதியிருக்கிறேன், அங்கே வேலை செய்கிற பிள்ளைகளோ நல்ல பிள்ளைகள், அதனால் பெயர் போடவில்லை. முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: அளப்பதில் கெட்டிக்காரர்கள், வந்த மண்ணைப் பத்திரமாக வைத்துக்கொள்வதில் அசட்டை, அறிக்கையை விளக்கிச் சொல்வதில் கிட்டத்தட்ட பூச்சியம். இருந்தாலும் நான் திரும்பவும் போவேன், அவர்கள் சுட்டுத் தருகிற அந்தச் சோதனைத் துண்டுகளுக்காகவே.

நாங்கள் பதுளை மாவட்டத்தில். மாமாவும் நானும் பூச்சாடி, அடுப்பு, சீசனுக்குக் கொஞ்சம் செங்கல் என்று ஓட்டிக்கொண்டிருக்கிறோம். 2022க்குப் பிறகு வெளிநாட்டுச் சாமானெல்லாம் விலை ஏறிப்போனதில், பக்கத்துத் தேயிலைத் தொழிற்சாலைக்காரர் ஒருவர் ட்ரையருக்குச் சூடு அனுப்புகிற விறகு உலைக்கு உள்ளே அடுக்குகிற ஃபயர் பிரிக், அதாவது கடும் சூட்டைத் தாங்குகிற கல், உங்களால் செய்ய முடியுமா என்று கேட்டார். செங்கல் தெரியும், ஃபயர் பிரிக் வேறு சமாச்சாரம். அதனால் இரண்டு மண்ணைச் சோதிக்கக் கொடுத்தோம். ஒன்று பள்ளத்து வயலோரத்துச் சாம்பல் நிறக் களி, நாங்கள் வழக்கமாகப் பாவிப்பது. மற்றது மேட்டில் ஒரு வீட்டுக்கு அத்திவாரம் வெட்டும்போது வெளியே வந்த வெளிர் மஞ்சள் மண், தொட்டால் வழுவழு என்று இருக்கும், ஊடே காக்காப்பொன் மினுங்கும்.

கவுண்டரில் இருந்த பிள்ளை நன்றாகத் தமிழ் பேசினார். இது சின்ன விஷயம் இல்லை, எத்தனை இடத்தில் நாம் பாதிச் சிங்களத்தில் தடுமாறிக்கொண்டு நிற்கிறோம். படிவம் நிரப்பும்போது "அண்ணே, என்ன செய்யப் போறீங்க, செங்கல்லா ஓடா?" என்று கேட்டார், நான் ஃபயர் பிரிக் என்றதும் உள்ளே போய் டெக்னீசியனைக் கூட்டிக்கொண்டு வந்தார். அந்த மனிதர் மண்ணைக் கையில் எடுத்து நசுக்கி, கொஞ்சத்தை முன்பல்லில் வைத்துக் கடித்துப் பார்த்தார். பல்லில் நறநறத்தால் மணல், மாவாகக் கரைந்தால் வண்டல், ஒட்டிக்கொண்டால் களி. மாமாவுக்கு அந்த நிமிடமே அவரைப் பிடித்துப்போய்விட்டது.

ஆனால் மாதிரி எப்படி எடுக்க வேண்டும் என்று அவர்கள் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்வதில்லை. ஒரு துண்டுப் பேப்பரில் அச்சடித்துக் கொடுத்தால் முடிந்தது. மேல்மண்ணை ஒதுக்கிவிட்டு, குழியின் சுவரில் நிறம் மாறுகிற ஒவ்வொரு படையையும் தனித்தனியாக எடுக்க வேண்டும். குவித்துக் கலந்து, நான்காகப் பிரித்து, எதிரெதிர்ப் பங்கு இரண்டை எடுத்து மறுபடி கலந்து மறுபடி பிரித்து, கடைசியில் கிடைப்பதுதான் மாதிரி. எனக்கு முன்னால் வரிசையில் நின்றவர் சிலிசிலி பையில் ஒரு கட்டி மண் கொண்டுவந்திருந்தார், அதையும் வாங்கி ரசீது போட்டுவிட்டார்கள். அந்த ஒரு கட்டிக்குத்தான் முடிவு வரும், அவருடைய காணிக்கு இல்லை. வாங்கிக்கொண்டவர்களுக்கும் இது தெரியாமலா இருக்கும்?

சரி, பெரிய குறைக்கு வருகிறேன். இதைப் புரிந்துகொள்ள நம் மலை மண்ணைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நம் மலைகளெல்லாம் பழைய உருமாறிய பாறை. அதில் இருக்கும் பெல்ஸ்பார் என்ற கனிமம் மழையிலும் சூட்டிலும் அழிந்துதான் கயோலினைட் என்ற களி உண்டாகிறது. மழை இன்னும் கூட, வடிகாலும் நன்றாக இருந்தால், அந்தக் களியில் இருக்கும் சிலிக்காவும் கழுவிப்போய் கிப்சைட் என்ற அலுமினியக் கனிமம் மிஞ்சும். சரிவான இடத்து மண் பல இடங்களில் இந்த இரண்டும் இரும்பு ஒக்சைட்டும் சேர்ந்த கலவை. இப்படியான மண்ணை முற்றாகக் காயவிட்டால் அதன் குணமே மாறிவிடும். இரும்பும் அலுமினாவும் நுண்துகள்களைப் பிடித்து ஒட்டிக்கொள்ளும், ஹலோய்சைட் என்ற வகைக் களி இருந்தால் அதன் உள்ளே இருக்கும் தண்ணீர் ஒரு தடவை போனால் திரும்ப வராது. பிறகு எவ்வளவு ஊறவைத்தாலும் பழைய பசை கிடைக்காது.

இவர்கள் என்ன செய்தார்கள்? வந்த மண்ணை 105 பாகை செல்சியஸில் போறணையில் வைத்துக் காயவைத்து, இடித்துச் சலித்து, அதிலிருந்து திரவ எல்லையும் பிளாஸ்டிக் எல்லையும் எடுத்தார்கள். கையால் சுழற்றுகிற அந்தப் பித்தளைக் கிண்ணத்தில் மண்ணைத் தடவி, நடுவே கீறிய பள்ளம் 25 தட்டலில் மூடிக்கொள்ளும்போது இருக்கும் ஈரம்தான் திரவ எல்லை, மண்ணை 3 மில்லிமீட்டர் மொத்தத்துக்கு உருட்டி, உடையத் தொடங்கும் ஈரம் பிளாஸ்டிக் எல்லை, இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் பசைக் குறியீடு. மஞ்சள் மண்ணுக்கு அது 9 என்று வந்து, "உருவமைக்கப் பொருத்தமற்றது" என்று ஒரு வரியும் சேர்த்து அறிக்கை கொடுத்தார்கள். மாமா சிரித்துவிட்டார். அதே மண்ணில் அவர் அதற்கு முன்பே ஒரு சாடி திரித்திருந்தார். போன் பண்ணி, தோண்டிய ஈரத்திலேயே, காயவிடாமல் சோதித்துத் தாருங்கள் என்று கேட்டோம். முதலில் கொஞ்சம் முகம் சுளித்தார்கள், பிறகு பாதிக் கட்டணத்தில் செய்து தந்தார்கள், 17 வந்தது. 9க்கும் 17க்கும் இடையில்தான் ஒரு தொழிலே இருக்கிறது. பள்ளத்துச் சாம்பல் களியில் இந்த வித்தியாசம் பெரிதாக இல்லை, அது ஆற்றோரப் படிவு. ஆக எல்லா மண்ணையும் ஒரே மாதிரிக் காயவைப்பது தாழ்நாட்டு மண்ணுக்குச் சரியாக இருக்கலாம், மலைநாட்டின் நடுவே உட்கார்ந்துகொண்டு ஒரு ஆய்வுகூடம் இதைச் செய்யக் கூடாது. நீங்கள் கொடுக்கும்போது படிவத்திலேயே "காயவைக்க வேண்டாம், இயல்பு ஈரத்தில் சோதிக்கவும்" என்று எழுதிவிடுங்கள். தடித்த பொலித்தீனில் காற்றுப் போகாமல் கட்டிக் கொண்டுபோங்கள்.

துகள் அளவுச் சோதனையிலும் இதே கதை. கண்ணாடி உருளையில் கரைத்து, எது எவ்வளவு வேகத்தில் படிகிறது என்று பார்த்து, 2 மைக்ரோனுக்குக் கீழே எத்தனை வீதம் என்று சொல்வார்கள். ஒட்டிக்கொண்ட துகள்கள் பிரியாவிட்டால் களியும் வண்டல் கணக்கில் விழும். எங்கள் மஞ்சள் மண்ணில் களி குறைவு, வண்டல் கூட என்றுதான் போட்டிருந்தார்கள். நான் அந்தத் தாளை நம்பவில்லை, அவ்வளவுதான்.

இனி நல்லது. சுண்ணாம்புச் சோதனையை யாரும் கேட்காமலே செய்தார்கள், அதற்கு ஒரு சபாஷ். மாத்தளை, பதுளை, பலாங்கொடைப் பக்கங்களில் சலவைக்கல் பாறை ஓடுகிறது, அதனால் சில இடத்துக் களியில் சின்னச் சின்னச் சுண்ணாம்புக் கட்டி கலந்திருக்கும். சூளையில் அது சுட்ட சுண்ணாம்பாகிவிடும். செங்கல் வெளியே வந்த பிறகு காற்றின் ஈரத்தைக் குடித்துப் பருக்கும், கல்லின் முகம் பொட்டுப் பொட்டாகத் தெறித்துப்போகும். வீடு கட்டி ஒரு மாரி போன பிறகு சுவரில் அம்மைத் தழும்பு மாதிரி விழுந்திருக்கும் செங்கல்லைப் பார்த்திருப்பீர்கள், பல இடத்தில் காரணம் இதுதான். சுண்ணாம்பு இருக்கும் களியில் அமிலம் விட்டால் நுரைக்கும். வயல் களியில் ஒரு படையில் மட்டும் நுரைத்தது. அந்தப் படையை விட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் நன்றாக அரைத்து ஒரு மில்லிமீட்டருக்குக் கீழே கொண்டுவாருங்கள் என்று டெக்னீசியன் வாயால் சொன்னார். இது அறிக்கையில் இல்லை! வாயால் சொன்னது எழுத்தில் சொன்னதைவிட எத்தனையோ மடங்கு பெறுமதி, ஆனால் அவர் லீவில் இருந்த அன்று போயிருந்தால் எங்களுக்கு அது கிடைத்திருக்காது.

சுட்ட துண்டுகள்தான் இந்த இடத்தின் உயிர். ஒவ்வொரு மண்ணிலும் விரல் நீளப் பட்டைகள் செய்து, 10 சென்டிமீட்டர் கோடு கீறி, நிழலில் காயவைத்து அளந்து, பிறகு மின் உலையில் 850, 950, 1050, 1150 என்று தனித்தனியாகச் சுட்டு, சுருக்கம், 24 மணித்தியாலம் தண்ணீரில் போட்டு எடுத்த பிறகு உறிஞ்சிய அளவு, வளைத்து முறிக்கிற பலம், நிறம் எல்லாம் குறித்து, துண்டுகளையே பெட்டியில் போட்டுத் தந்தார்கள். பெட்டியைத் திறந்து வரிசையாக மேசையில் வைத்துப் பார்க்கும்போது எந்த அட்டவணையும் தேவைப்படவில்லை. சாம்பல் களி காயும்போதே 9 வீதம் சுருங்கியது, ஏன் எங்கள் பெரிய சாடிகளில் விளிம்பு வெடிக்கிறது என்பதற்கு அதுதான் பதில். 850இல் சுட்டது நகத்தால் கீறினால் தூள் வந்தது, தண்ணீர் 22 வீதம் குடித்தது. 950இல் கணீர் என்ற சத்தம், 17 வீதம். 1050இல் கறுஞ்சிவப்பாகி 9 வீதத்துக்கு இறங்கினாலும் பட்டை வளைந்துவிட்டது. 1150இல் வந்ததைப் பற்றிப் பேசாமல் இருப்பது நல்லது.

இதிலிருந்து எங்களுக்குக் கிடைத்தது என்னவென்றால், எங்கள் விறகுச் சூளையின் கீழ்ப்பக்கம் 950ஐத் தொடுகிறது போல, மேல்பக்கம் 850க்குப் பக்கத்தில் நின்றுவிடுகிறது, அதனால்தான் ஒரே சூளையில் பாதிக் கல் நல்லது பாதிக் கல் பச்சை. மணல் ஐந்தில் ஒரு பங்கு சேர்த்து இன்னொரு தொகுதி சுடச் சொன்னோம், காயும்போது வரும் சுருக்கம் 6 வீதத்துக்கு வந்தது, வெடிப்பு நின்றது. மணல் கூடினால் வேறு வில்லங்கம் இருக்கிறது, மணலில் இருக்கும் படிகக் கல் 573 பாகையில் திடீரென்று பருமன் மாறும், சூடு இறங்கும்போது அந்த இடத்தில் அவசரப்பட்டுச் சூளையைத் திறந்தால் மயிரிழை வெடிப்பு விழும். இதையும் டெக்னீசியன்தான் சொன்னார். செங்கல்லுக்கு எஸ்.எல்.எஸ் 39 என்ற இலங்கைத் தரம் இருக்கிறது, கல்லைக் கொந்தராத்துக்காரருக்கு விற்பதென்றால் அந்தத் தரத்தின்படி முழுச் செங்கல்லை அமுக்கிப் பார்க்கிற சோதனையும் கேளுங்கள். சாடி செய்கிறவர்களுக்குத் தேவையில்லை.

ஃபயர் பிரிக் விஷயத்தில் கொஞ்சம் சொதப்பினார்கள், கொஞ்சம் அசத்தினார்கள். மஞ்சள் மண்ணை முழுதாகச் சுட்டபோது எடை 17 வீதம் குறைந்தது. தனிக் கயோலினைட்டே ஆனாலும் 14 வீதம்தான் குறையும், கிப்சைட் என்றால் கிட்டத்தட்ட 35. மேல்மண் கலக்காத, வேர் ஒன்றும் இல்லாத மாதிரி அது, ஆகவே கிப்சைட் இருக்கிறது என்று யாரும் ஊகிக்கலாம். அறிக்கையில் 17 என்ற எண் மட்டும் இருந்தது, பக்கத்தில் ஒரு வரி விளக்கம் இல்லை. நானாகக் கேட்டபோதுதான், அலுமினா கூட என்பதால் சூடு தாங்கும், ஆனால் அப்படியே கல்லாகச் செய்தால் சுருங்கி வெடிக்கும், பாதியை முதலில் சுட்டு இடித்துப் பொடியாக்கி, மீதிப் பச்சைக் களியோடு பிசைந்து செய்யுங்கள் என்றார்கள். அப்படிச் செய்து பார்த்தோம், பிடித்து நிற்கிறது. இவ்வளவு நல்ல யோசனையை ஏன் கேட்டால் மட்டும் சொல்கிறார்கள் என்பதுதான் எனக்குப் புரியவில்லை.

உலை 1200க்கு மேலே போகாது என்பதால் இந்த மண் எந்தச் சூட்டில் இளகி விழும் என்று அவர்களால் சொல்ல முடியாது. இதை முதல் நாளே சொன்னார்கள், அதில் ஒளிவுமறைவு இல்லை. உண்மையில் விறகு உலையில் கல்லைக் கொல்வது உச்சச் சூடு மட்டும் இல்லை. விறகுச் சாம்பலில் இருக்கும் பொட்டாஷும் சுண்ணாம்பும் கல்லின் முகத்தோடு சேர்ந்து உருகிக் கண்ணாடியாகும், பிறகு உலையை மூட்டி அணைத்து மூட்டி அணைத்து அந்த முகம் பாளம் பாளமாகக் கழரும். அதனால், சுட்ட துண்டில் ஒரு குழி குடைந்து, தொழிற்சாலையிலிருந்து அள்ளி வந்த சாம்பலை அதில் நிரப்பிச் சுட்டுத் தர முடியுமா என்று கேட்டோம். விலைப்பட்டியலில் இல்லாத வேலை. டெக்னீசியன் கண்ணில் வெளிச்சம் வந்ததைப் பார்க்க வேண்டும். செய்தார், துண்டைக் குறுக்கே அறுத்துச் சாம்பல் எவ்வளவு ஆழம் தின்றிருக்கிறது என்று காட்டினார், கூடவே இன்னொரு துண்டை 950இல் சூடாக்கி வெளியே எடுத்துக் காற்றில் வைத்து, மறுபடி உள்ளே தள்ளி, வெடிப்பு எப்போது வருகிறது என்றும் பார்த்தார். அதற்கென்று காசு வாங்கவில்லை. இப்படி ஆட்கள் இருக்கிற இடத்தைக் குறை சொல்ல மனசு வராதுதான், ஆனாலும் சொல்லத்தான் வேண்டும்.

இரசாயனப் பகுப்பாய்வு, அதாவது எக்ஸ்ஆர்எஃப், அவர்களிடம் இல்லை, வெளியே அனுப்பித்தான் எடுத்துத் தருகிறார்கள். மொத்தச் செலவில் பெரும்பங்கு அதற்குத்தான் போனது, அறிக்கை தாமதமானதும் அதனால்தான். சாடி, அடுப்பு, செங்கல் செய்கிறவர்கள் இதை எடுக்கவே வேண்டாம். உங்கள் மண்ணில் சிலிக்கா எத்தனை வீதம் என்று தெரிந்து உங்கள் சாடி ஒன்றும் நேராகப் போவதில்லை. ஃபயர் பிரிக் என்றால் மட்டும் எடுங்கள், எடுத்தால் மூன்று வரியை மட்டும் பாருங்கள்: இரும்பு, பொட்டாஷ், சோடா. இவை கூடக் கூடக் கல் சீக்கிரம் இளகும். எங்கள் மஞ்சள் மண்ணில் இரும்பு 3 வீதத்தைத் தாண்டியதால் பெரிய உருக்கு உலைக் கனவெல்லாம் காண வேண்டாம், தேயிலை ட்ரையருக்குப் போதும் என்று முடிவுக்கு வந்தோம். கனிமம் எது என்று நேரடியாகச் சொல்கிற எக்ஸ்ஆர்டி சோதனையும் உண்டு, நாங்கள் எடுக்கவில்லை.

சிலர் வெள்ளையாக ஏதாவது மண்ணைக் கண்டுவிட்டால் பீங்கான் செய்யலாம் என்று ஓடி வருகிறார்களாம், கவுண்டர் பிள்ளை சொல்லிச் சிரித்தார். பீங்கானுக்கு எடுக்கிற கயோலின் பெரும் படிவுகள் பொரலஸ்கமுவவிலும் மீட்டியாகொடையிலும், எல்லாம் கீழ்நாட்டில். மாத்தளைப் பக்கம் கிடைப்பது பெல்ஸ்பார், அது கயோலினோடு சேருகிற சாமான். உங்கள் தோட்டத்து வெள்ளை மண் சுட்டால் இளஞ்சிவப்பாகுமா வெள்ளையாகவே நிற்குமா என்று ஒரு துண்டைச் சுட்டாலே தெரிந்துவிடும், அதற்கு முழுப் பக்கேஜ் தேவையில்லை.

அறிக்கை முழுக்க ஆங்கிலம். சூளைக்காரர் எத்தனை பேர் அதை வாசிப்பார்கள்? எனக்காவது ஏ.எல் வரை படித்ததில் தட்டுத்தடுமாறிப் போகிறது, மாமாவுக்கு நான் ஒவ்வொரு வரியாகச் சொல்ல வேண்டியிருந்தது. சிங்களம், தமிழ் இரண்டிலும் ஒரு பக்கச் சாரம் வைத்தால் அந்த இடத்தின் பெயர் எங்கேயோ போகும்.

இன்னொரு விஷயம், அவர்கள் சொல்லாததால் நான் சொல்கிறேன். அறிக்கை கையில் இருந்தால் மண் வெட்டலாம் என்று அர்த்தம் இல்லை. 1992ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுரங்கங்கள், கனியங்கள் சட்டத்தின்படி வியாபாரத்துக்குக் களி தோண்ட புவிச்சரிதவியல் அளவை சுரங்கப் பணியகத்தின் அனுமதிப்பத்திரம் வேண்டும். பதுளை, நுவரெலியா, கண்டி, மாத்தளை மாதிரி மண்சரிவு மாவட்டங்களில் சரிவை வெட்டுவதென்றால் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தையும் கேட்க வேண்டும். 2014 ஒக்டோபர் 29 மீரியபெத்தை மண்சரிவை மறந்தவர் நம்மில் யாரும் இல்லை. தோட்டக் காணி என்றால் அந்தப் பேச்சையே எடுக்காதீர்கள், லயத்துக்குப் பின்னால் இருக்கிற மேடு நமக்குச் சொந்தம் இல்லை. நாங்கள் எடுத்தது அத்திவாரத்துக்கு ஏற்கனவே வெட்டி ஒதுக்கிய மண், சொந்தக்காரர் சம்மதத்தோடு, சோதிக்க மட்டும்.

அரச பக்கம் போவதென்றால் கொழும்பில் கைத்தொழில் தொழில்நுட்ப நிறுவனம் இருக்கிறது, பெரிய அளவில் தொழில் தொடங்குகிறவர்கள் அங்கே போவதுதான் முறை, வங்கிக் கடனுக்கும் அந்தத் தாளுக்குத்தான் மதிப்பு. எங்களைப் போன்ற சின்ன ஆட்களுக்கு, பதுளையிலிருந்து கொழும்புக்கு மண் மூட்டையோடு பஸ் ஏறுவதைவிட கண்டி பரவாயில்லை.

எங்கே போனாலும் காசு கட்டுவதற்கு முன் வீட்டிலேயே ஒரு வேலை செய்யுங்கள். ஈர மண்ணில் ஒரு பட்டை செய்து அடிமட்டத்தால் சரியாக 10 சென்டிமீட்டர் கோடு கீறுங்கள். காய்ந்த பிறகு அளந்தால் குறைந்த ஒவ்வொரு மில்லிமீட்டரும் ஒரு வீதம். 10, 12 என்று போனால் மணல் கலந்து திரும்பச் செய்யுங்கள், அதற்குப் பிறகு எந்தக் கலவை நிற்கிறதோ அதைக் கொண்டுபோங்கள். வெறும் மண்ணைக் கொண்டுபோய்க் கொடுத்தால் வெறும் மண்ணுக்குத்தான் அறிக்கை வரும், நீங்கள் கலந்து செய்கிற பொருளுக்கு இல்லை.

நட்சத்திரம் கொடுக்கச் சொன்னால் ஐந்துக்கு மூன்றரை. சுட்ட துண்டுகளை அறிக்கையோடு சேர்த்துக் கேட்டு வாங்குங்கள், கேட்காவிட்டால் ஒரு மாதம் வைத்திருந்துவிட்டு எறிந்துவிடுவார்கள், அது படிவத்தின் பின்பக்கம் சின்ன எழுத்தில் இருக்கிறது. போவதற்கு முன் போன் எடுத்து அந்த வயதான டெக்னீசியன் இருக்கிறாரா என்று விசாரித்துக்கொள்ளுங்கள், அவர் இல்லாவிட்டால் இன்னொரு நாள் போகலாம்.